மிளகுத் தூணுக்கு முன்னால் மழைத்தொட்டி

"ஏனுங்க, நம்மூருல மிளகு வருமுங்களா?"

விதைத் திருவிழா, மாடித்தோட்ட வகுப்பு, உழவர் கூட்டம் என்று திருப்பூர் வட்டாரத்தில் எங்கே நாலு பேர் கூடினாலும் இப்போது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்கிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் டெய்லராகவோ, கட்டிங் மாஸ்டராகவோ, செக்கிங்கிலோ இருப்பவர்கள். அப்பா காலத்தில் தோட்டம் இருந்திருக்கும். இப்போது இருப்பது லைன் வீட்டு வாசலும் ஒரு துண்டு மொட்டை மாடியும்தான். அந்த நாலடி இடத்தில் கம்பி வலையை உருளையாகச் சுருட்டி, நார்த்தூளை நிரப்பி, சுற்றிலும் மிளகுக் கொடி ஏற்றி ஆள் உயரத்துக்குப் பச்சைத் தூணாக நிறுத்தியிருக்கும் வீடியோவைக் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். "ஒரு சதுர அடியில் ஒரு தோட்டம்" என்று அதில் ஒருவர் சொல்லியிருப்பார். ஆசை வந்துவிடும்.

ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. மண்ணை விட்டு வந்தவருக்கு மண் மேல் ஆசை வருவது நல்ல விசயம். கேள்விக்கும் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு மிளகு வரும். வியாபாரத்துக்கு வராது. வீட்டுக்கு வருவதற்கும் முதலில் வேண்டியது தூணும் இல்லை, நாற்றும் இல்லை, தண்ணி. அதிலும் நல்ல தண்ணி. நம் மாவட்டத்தில் செங்குத்து மிளகு என்பது தொழில்நுட்பப் பிரச்சினையே கிடையாது, தண்ணிப் பிரச்சினை. இதைச் சொல்லாமல் தூணை மட்டும் விற்கிறவர்கள் நமக்குப் பாதி உண்மையைத்தான் விற்கிறார்கள்.

அந்தத் தூண் எதற்காக வந்தது?

வீடியோவில் வரும் இந்தத் தூண் முறையைப் பரவலாக்கியது கோழிக்கோட்டில் இருக்கும் இந்திய நறுமணப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம். அரை அங்குலக் கண் உள்ள, பிளாஸ்டிக் பூசிய கம்பி வலை. 2 மீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் விட்டம். உள்ளே அரைகுறையாக மக்கிய தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கூடவே டிரைக்கோடெர்மா. சுற்றிலும் 8 முதல் 10 மிளகுக் குச்சி. நாலு மாசத்தில் கொடி உச்சியைத் தொட்டுவிடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர்கள் இதைக் கண்டுபிடித்தது காய் பறிக்க அல்ல, நாற்று எடுக்க. தூணில் ஏறும் கொடி ஒவ்வொரு கணுவிலும் நார்த்தூளுக்குள் வேர் விடும். உச்சி வந்ததும் கொடியை இறக்கி மூன்று விதமாக வெட்டுவார்கள். ஒவ்வொரு கணுவாக வெட்டினால் சாதாரண நாற்று. பக்கக்கிளையை வெட்டினால் புதர் மிளகு. பக்கக்கிளையோடு சேர்ந்த உச்சித் துண்டை வெட்டினால் சீக்கிரம் காய்க்கும் நாற்று. அதையும் வெயிலில் நிறுத்தி வைத்துச் செய்யவில்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுக்குள் வைத்த பசுமைக் குடிலில் செய்தார்கள்.

அங்கே நாற்றங்காலில் இருந்த கருவி இங்கே வரும்போது "மிளகு மகசூல் தூண்" என்று பேர் மாறிப்போனது. ஏர் கலப்பையை வண்டி என்று சொல்லி விற்கிற மாதிரிதான் இது. மாட்டைப் பூட்டலாம், இழுக்கவும் செய்யும், ஆனால் சந்தைக்குப் போய்ச் சேராது. தூணில் காயே வராது என்று நான் சொல்லவில்லை. இறக்காமல் விட்டால் மேல் பாதியில் பக்கக்கிளை வந்து சரம் விடும். ஆனால் எட்டுக் கொடிக்கு உள்ளே இருப்பது 140 லிட்டர் நார்த்தூள்தான். அதில் சத்து தீரும், தூள் அமுங்கும், வேர் நெருக்கும். வருசக்கணக்காகக் காய் கொடுக்க வேண்டிய கொடிக்கு அது சின்ன வீடு.

நம்ம வானம், நம்ம காத்து

மிளகு மழைக்காட்டுப் பயிர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் பக்கம் மழை, மரநிழல், எந்நேரமும் காற்றில் ஈரம், இதுதான் அதன் பிறந்த வீடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் அது தானாக வரும். நம் மாநிலத்திலும் கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடி, கூடலூர், வால்பாறை, குமரி மாவட்டம் என்று மலையும் ஈரமும் உள்ள இடங்களில்தான் வழிவழியாக நிற்கிறது.

நாம் இருப்பது மலைக்கு மறுபக்கம், மழை மறைவில். திருப்பூருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 600 மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். மிளகு பூக்கிற ஆனி, ஆடியில் நமக்கு வருவது மழை இல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பல்லடம், உடுமலை, காங்கயம் பக்கம் காற்றாலைகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன என்று நினைத்துப் பாருங்க. அந்த ராட்சத இறக்கையைச் சுற்றுகிற காற்று, மொட்டை மாடியில் நிற்கும் தூணையும் கொடியையும் என்ன பாடு படுத்தும்? இலையில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். மிளகுச் சரத்தில் மகரந்தம் பரவுவதற்குச் சரத்தின் வழியே நீர்த்துளி வழிவது பெரிய துணை. காய்ந்த காற்றில் அது நடக்காது. சரம் வரும், மணி பிடிக்காது. "பூத்துச்சு, காய்க்கலைங்க" என்று புலம்புகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

நம் ஊருக்கும் மிளகுக்கும் பழைய உறவு இல்லாமல் இல்லை. சேர நாட்டுக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, நொய்யல் கரையோரமாகக் கருவூருக்குப் போன பெருவழி நம் ஊரைத்தான் தொட்டுப் போனது. அந்த வழியில் கொடுமணலில் கல்மணியும் இரும்பும் செய்திருக்கிறார்கள். வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் தோண்டக் கிடைத்தன. யவனர் தேடி வந்த சரக்குகளில் முதன்மையானது மிளகு. சங்க காலத்தில் அதற்குப் பெயரே "கறி"தான். அந்தக் காலத்திலும் மிளகு நம் ஊர் வழியாகப் போனதே தவிர, நம் ஊர்க் காட்டில் விளையவில்லை. இங்கே விளைந்தது சோளம், கம்பு, கொள்ளு, பருத்தி. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் முளைத்தது, காங்கயம் மாடு மேய்ந்தது. வானம் கொடுத்ததற்குத் தக்க பயிர் வைத்தார்கள். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து சொன்னதன் சாரமும் இதுதானே.

"சமவெளியிலும் மிளகு வருதே, புதுக்கோட்டை வடகாடு பக்கம் தோப்புத் தோப்பா இருக்குதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், இருக்கிறது. ஆனால் அங்கே ஆழமான செம்மண், உப்பில்லாத நிலத்தடி நீர், தென்னை, பலா, தேக்கு என்று அடுக்கடுக்காய் மரநிழல். மரம் முதலில் வந்தது, மிளகு பிறகு ஏறியது. அதைப் பார்த்துவிட்டு வந்து, மரமே இல்லாத கான்கிரீட் மாடியில் நேராகக் கொடியை மட்டும் வைப்பது எப்படிச் சரிப்படும்?

உப்புத் தண்ணி

காற்றையும் வெயிலையும் நிழல்வலை கட்டிச் சமாளிக்கலாம். உப்பைச் சமாளிக்க முடியாது.

திருப்பூரில் எந்த வீட்டில் கேட்டாலும் இரண்டு தண்ணி இருக்கும். குழாயில் வரும் "நல்ல தண்ணி", போரில் வரும் "உப்புத் தண்ணி". இந்தப் பாகுபாடு முழுதும் இயற்கை செய்தது இல்லைங்க. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போடுவார்கள். துணி கொஞ்சம்கூட உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்டதெல்லாம் கழிவுநீரோடு வெளியே வரும். பல வருசம் அது நேராக நொய்யலுக்குப் போனது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும்போது இனிக்கிற ஆறு, திருப்பூரைத் தாண்டும்போது சாயக் கால்வாயாகிப் போனது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணையைக் கேட்ட உழவர்களே "தண்ணியத் திறக்காதீங்க" என்று கெஞ்ச வேண்டிய நிலைமை வந்தது. ஆயக்கட்டு உழவர்கள் சங்கம் வைத்து நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையங்கள் வந்தன. அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த அளவுகூட இருந்திருக்காது.

ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பில் மேலே வந்துவிடாது. நொய்யல் கரையோரக் கிணறுகளில் அது இன்னும் இருக்கிறது. தென்னைகூடக் கொஞ்சம் உப்பைத் தாங்கும். மிளகு தாங்கவே தாங்காது. போர் தண்ணியை ஊற்றினால் முதலில் முற்றிய இலையின் நுனி பழுப்பாகக் கருகும், பிறகு ஓரம் கருகும், பிறகு இலை உதிரும். கடையில் போய்க் கேட்டால் "சத்துக் குறைவு" என்று ஒரு பாட்டிலைத் தருவார்கள். சாம்பல் சத்து குறைந்தாலும் நுனி கருகத்தான் செய்யும். அதனால் இலையைப் பார்த்து முடிவு கட்டாமல் தண்ணியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் பார்த்துத் தருவார்கள். நம் ஊரில் பல வீடுகளில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது, அதுவும் ஒரு அடையாளம் காட்டும். என் கணிப்பில் டிடிஎஸ் 600-க்குள் இருந்தால் மிளகுக்கு ஊற்றலாம். ஆயிரத்தைத் தாண்டினால் மிளகை மறந்துவிடுவது நல்லது. இன்னொன்று, ஆர்.ஓ. மெசினில் கழித்துவிடும் தண்ணியை வீணாக்கக் கூடாது என்று செடிக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறார்கள். அது போர் தண்ணியைவிடக் கூடுதல் உப்பு. பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம், மிளகுக்கு மட்டும் வேண்டாம்.

"அப்போ குழாய்த் தண்ணியை ஊத்திட்டுப் போறோம்" என்பார்கள். அங்கேதான் எனக்கு மனசு உறுத்துகிறது. அந்தத் தண்ணி பவானி ஆற்றிலிருந்து இவ்வளவு தூரம் குழாயில் வருவது. எத்தனையோ நாளுக்கு ஒருமுறை வரும் அந்தத் தண்ணிக்காக லைன் வீட்டுப் பெண்கள் நைட் ஷிப்ட் முடித்து வந்தும் குடத்தோடு நிற்கிறார்கள். ஒரு குடும்பம் குடிக்கிற தண்ணியை ஒரு தூணுக்கு ஊற்றுவதை இயற்கை வேளாண்மை என்று சொல்ல என் வாய் வராது.

மிச்சம் இருப்பது மழை ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. நல்ல திட்டம். ஆனால் நம் ஊரில் பல வீடுகளில் அந்தக் குழி இப்போது தூர்ந்து, மேலே பைக் நிற்கிறது. உப்பேறிய நிலத்துக்குள் மழையை இறக்குவது நெடுநாள் வைத்தியம். அதையும் விடக் கூடாது. ஆனால் இந்த வருசக் கோடையில் செடிக்கு ஊற்ற வேண்டுமானால் மழை தொட்டியில் நிற்க வேண்டும்.

100 சதுர அடித் தகரக் கூரை போதும். 600 மில்லிமீட்டர் மழைக்கு அதில் சுமார் 5,500 லிட்டர் விழும். சிந்தியது சிதறியது போக 4,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். பத்து கிலோ மண் பிடிக்கும் தொட்டியில் வைத்த புதர் மிளகுக்குக் கோடையில் நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க. நாலு செடிக்கு 6 லிட்டர். தை முதல் வைகாசி வரை 150 நாளுக்கு 900 லிட்டர். ஆக ஒரு ஆயிரம் லிட்டர் தொட்டி, நாலு புதர் மிளகு. இதுதான் நம் ஊருக்கு ஏற்ற அளவு.

கேரளத்துச் சூழலில் நன்றாகப் பராமரித்த புதர் மிளகு மூன்றாம் ஆண்டிலிருந்து செடிக்கு ஒரு கிலோ பச்சை மிளகு தரும் என்பது கணக்கு. காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு. நம் ஊரில் அதில் பாதி வந்தாலே பெரிது. நாலு செடிக்கு அறுநூறு, எழுநூறு கிராம் காய்ந்த மிளகு. மாசம் நூறு கிராம் செலவாகும் வீட்டுக்கு அரை வருசத்துக்குக் காணும். எட்டுச் செடியும் இரண்டு தொட்டியும் இருந்தால் வருசத்துக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

இதைத் தூண் வியாபாரக் கணக்கோடு வைத்துப் பாருங்க. ஒரு தூணில் இரண்டு கிலோ காய்ந்த மிளகு வருவதாகத் தாராளமாகவே வைப்போம். கிலோ 700 ரூபாய் என்றால் 1,400 ரூபாய். பத்துத் தூணுக்கு 14,000. அதுவும் மூன்றாம் வருசத்திலிருந்து. தூண் ஒன்று 4,000 என்று வைத்தால் பத்துத் தூணுக்கு 40,000 ரூபாய். நிழல்வலை, லாரித் தண்ணி, செத்துப்போன கொடிக்கு மாற்று நாற்று எல்லாம் அதற்கு மேல். "நாங்களே திருப்பி வாங்கிக்கறோம்" என்று யாராவது சொன்னால் பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழியை நினைத்துக்கொள்ளுங்க. 2012-இல் அந்தக் கூண்டுகள் காலியானபோது நம் உறவுக்காரர்கள் எத்தனை பேர் நகையை அடகு வைத்துவிட்டு நின்றார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பெரிய அளவில் செய்தாலும் இதே கதைதான் என்பதற்கு வியட்நாம் சாட்சி. உலகத்திலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் நாடு அது. அங்கே கான்கிரீட், செங்கல் தூண்களில் நெருக்கமாகக் கொடி ஏற்றி, உரத்தைக் கொட்டி விளைவித்தார்கள். 2015-க்குப் பிறகு விலை சரிந்தது. கூடவே வாடல் நோயும் வந்து கியா லாய் மாகாணத்தில் தோட்டம் தோட்டமாகக் கொடி செத்தது. தூண் மட்டும் நின்றது, கடனும் நின்றது.

அப்படியானால் வீட்டில் மிளகு எதற்கு? வாங்கித் தின்றால் போதாதா? 2012 டிசம்பரில் கொச்சியில் முன்பேர வர்த்தகக் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகை உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரை வைத்து நிறுத்தியது. பூஞ்சணம் பிடிக்காமல் பளபளக்கக் கனிம எண்ணெய் பூசியிருந்ததுதான் காரணம். பப்பாளி விதை கலப்பது நமக்குத் தெரிந்த பழைய கதை. "பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம்" என்று சொன்ன சமூகம் நாம். அந்தப் பத்து மிளகே நஞ்சாக இருந்தால் எங்கே போவது? சளி பிடித்த குழந்தைக்குக் கசாயம் வைக்க, பூச்சு இல்லாத ஒரு பிடி மிளகு சொந்த வாசலில் காய்கிறது என்பது பணத்தால் அளக்கிற விசயம் இல்லை.

வைக்கிறதென்றால் இப்படி வைங்க

இடம்: வீட்டின் கிழக்கு அல்லது வடகிழக்குப் பக்கம். காலை வெயில் படலாம், மேற்குக் காற்று படக்கூடாது. மாடிதான் இடம் என்றால் மேற்கே நிழல்வலைத் தட்டி கட்டுங்க. தூண்தான் வைப்பேன் என்கிறவர்கள் கவனிக்க: ஈரத்தோடு அது நூறு கிலோவைத் தாண்டும். சுவரோரம், தூண் அல்லது பீம் மேல் நிறுத்தி, காற்றில் சாயாமல் கட்டிவையுங்க.

ரகம்: நிழலில் வைக்கக் கரிமுண்டா நல்லது. 1971-இல் வெளிவந்த உலகின் முதல் கலப்பின மிளகான பன்னியூர்-1 நல்ல வெளிச்சம் கேட்கும். வாடல் நோயைத் தாங்க வேண்டும் என்றால் தேவம். "கொலுப்ரினம்" என்கிற காட்டுத் திப்பிலி வேரில் ஒட்டுக்கட்டிய செடி நர்சரியில் கிடைக்கும். அது நோயைத் தாங்கும், ஆனால் எப்போதும் சேறு போல ஈரம் கேட்கும். இரண்டு நாள் தண்ணி தவறினால் போச்சு. நம் ஊருக்குத் தன் வேரில் நிற்கும் செடியே மேல்.

கலவை: காங்கயம், உடுமலை பக்கத்து நார் மில்லில் நார்த்தூள் மலிவாகக் கிடைக்கும். அப்படியே போடாதீங்க. முதலில் மழைத்தண்ணியில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை வெளியேற்றுங்க. பிறகு சாணிக்கரைசல், கிளைரிசிடியா தழை அடுக்கி, ஈரம் காயாமல், பத்து நாளைக்கு ஒருமுறை புரட்டி மூன்று நாலு மாசம் மக்கவிடுங்க. யூரியா போட்டால் சீக்கிரம் மக்கும் என்பார்கள், நமக்கு அவசரம் இல்லை. கருத்து, கனம் குறைந்து, மண் வாசம் வந்தால் தயார். அதோடு செம்மண், மண்புழு உரம், ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா கலந்து, அடியில் தண்ணி நிற்காத தொட்டியில் நிரப்புங்க. வேரில் தண்ணி தேங்கினால் மிளகு ஒரே வாரத்தில் வாடிவிடும்.

கட்டு: கொடியைக் கட்டக் கயிறு வாங்க வேண்டாம். நம் ஊரில்தான் கட்டிங் வேஸ்ட் கொட்டிக் கிடக்கிறதே. சாயம் போடாத கோரா துணி, சுத்தப் பருத்தியாகப் பார்த்து எடுங்க. இழுத்தால் நீளும், தண்டை அறுக்காது, பிறகு மக்கியும் போகும். பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்தது மக்காது, வேண்டாம்.

பராமரிப்பு: புதர் மிளகின் அடியிலிருந்து நீளமாக ஓடும் கொடி வந்தால் கிள்ளிவிடுங்க. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஞ்சகவ்யம், பத்து லிட்டருக்கு 300 மில்லி. சரம் விடும் காலத்தில் காலையும் மாலையும் சரத்தின் மேல் மழைத்தண்ணியைப் பூவாளியால் தெளியுங்க, மணி பிடிக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, கொதிநீரில் ஒரு நிமிசம் முக்கியெடுத்து வெயிலில் காயவைத்தால் கருகருவென்று வரும்.

வாசலில் நிலம் உள்ளவர்களுக்குத் தூணே வேண்டாம். கல்யாண முருங்கைப் போத்து ஒன்றை நட்டு, அது தழைத்த பிறகு அதில் ஏற்றுங்க. உயிருள்ள தூணுக்கு இணையான தூண் கிடையாது. நிழலும் அதுவே, தழையுரமும் அதுவே.

நம் இயக்கம் செய்ய வேண்டியது

தூணைப் பழித்துவிட்டுப் போக எனக்கு மனசு இல்லை. அதற்கு உரிய இடத்தில் வைத்தால் அது அருமையான கருவி. நாற்றுப் பெருக்கும் கருவி என்றேன் அல்லவா, நாற்றுக்கே பயன்படுத்துவோம். திருமூர்த்தி மலையடிவாரம், அமராவதி பாசனம், மடத்துக்குளம் பக்கம் நம் உறுப்பினர்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, நல்ல தண்ணி இருக்கிறது, மலைக்காற்றின் ஈரமும் கொஞ்சம் இருக்கிறது. அங்கே நாலைந்து தோப்பில் தென்னை நிழலில் இரண்டு இரண்டு தூண் வைப்போம். நாலைந்து மாசத்துக்கு ஒருமுறை கொடியை இறக்கி, கணு நாற்றைத் தோப்புக்காரர்கள் தென்னையில் ஏற்றட்டும். பக்கக்கிளையில் புதர் மிளகு எடுத்துத் திருப்பூர் வீடுகளுக்குக் கொடுப்போம். பக்கக்கிளை எளிதில் வேர் விடாது, பத்துக்கு நாலைந்து பிடித்தாலே பெரிது. அதனால்தான் கடையில் விலை வைக்கிறார்கள், அதனால்தான் நாம் கூட்டாகச் செய்ய வேண்டும். விதைத் திருவிழாவில் நாட்டு விதையைக் கைமாற்றுவது போல இதையும் கைமாற்றலாம்.

ஒரே ஒரு நிபந்தனை வைப்போம். மழைத்தொட்டி வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் நாற்று. தொட்டி இல்லாதவர்களுக்கு முதலில் தொட்டி வைக்க உதவுவோம். பழைய சின்டெக்ஸ் போதும், வாய்க்கு ஒரு வெள்ளைத் துணி வடிகட்டி போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு வார்டிலும் ஊராட்சியிலும் போர் தண்ணியின் உப்பு அளவை வருசம் இரண்டு முறை சோதித்து, ரேசன் கடைச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லி மாநகராட்சியையும் ஊராட்சிகளையும் கேட்போம். சாயப்பட்டறை வழக்கு முடிந்தது, கழிவு நின்றது என்று சொல்வதோடு வேலை முடியவில்லை. உப்பு இறங்குகிறதா, ஏறுகிறதா என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் கேட்பார்கள்.

மிளகு வைக்க ஆசைப்படும் பனியன் கம்பெனித் தோழருக்கும் அம்மணிகளுக்கும் நான் சொல்வது இதுதான். வரும் ஐப்பசிக்குள் தொட்டியை வைத்துவிடுங்க. ஒரு மழைக்காலம் பிடித்துப் பாருங்க. கோடையில் தொட்டியில் தண்ணி மிச்சம் நின்றால் செடிக்கு வாங்க, சந்தோசமாகத் தருகிறோம். மிச்சம் நிற்காவிட்டால் அந்தத் தண்ணிக்குப் பிரண்டையும் தூதுவளையும் வைக்கலாம். இரண்டும் கொடிதான், இரண்டும் மேலே ஏறும், இரண்டும் நம்ம ஊர்ச் செடி.